சர்வீஸ் முடிந்து வந்த பழைய ஃபிலிம் கேமராவில் புதுசா ஒரு சத்தமா? எது சாதாரணம், எது ஆபத்து?

சர்வீஸுக்குப் போன பழைய ஃபிலிம் கேமரா வீட்டுக்குத் திரும்பி வருகிறது. லீவரை இழுத்து, பட்டனை அழுத்துகிறீர்கள். வழக்கமான 'கிளிக்' சத்தத்தோடு ஒரு கீச்சொலியும் சேர்ந்து கேட்கிறது. அல்லது முன்பு இல்லாத ஒரு 'டக்'. "காசு கொடுத்து சரி பண்ணி வாங்கினா, புதுசா சத்தம் வருதே?" என்ற சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிங்கப்பூரில் இருந்தோ வளைகுடாவில் இருந்தோ மாமா வாங்கி வந்த யாஷிகா, அப்பா கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய பென்டாக்ஸ், செகண்ட் ஹேண்டில் பிடித்த கேனான் என்று பல வீட்டு அலமாரிகளில் இருக்கும் கேமராக்கள் இப்போது மீண்டும் வெளியே வருகின்றன. புனே - லோணாவளா லோக்கல் ரயில் பாதையில் உள்ள தளேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். லோஹகட், விசாப்பூர் கோட்டைகள், கார்லா, பாஜா குகைகள் எல்லாமே இங்கிருந்து சீக்கிரம் போய்விடக்கூடிய தூரம். ஜூனில் மழை தொடங்கினால் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. ஆனால் பழைய கேமராவைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த ஆட்களைத் தேடி புனே நகரத்துக்கோ மும்பைக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்தவர்கள், தெரிந்த மெக்கானிக் சென்னையில் இருந்தால் அங்கேயே கூரியரில் அனுப்புவதும் உண்டு. திரும்பி வந்த கேமராவில் சத்தம் கேட்டால், சட்டென்று கடைக்குப் போய்க் காட்டிவிட முடியாது.

அப்படியான நேரத்தில் இரண்டு தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, கண்டுகொள்ளாமல் ரோலைப் போட்டுப் படம் எடுப்பது. இன்னொன்று, யூடியூப் பார்த்து நாமே எண்ணெய் விடுவது. முதலாவதில் ரோல் போகும், இரண்டாவதில் கேமராவே போகலாம்.

சுருக்கமாக

• சத்தம் மாறியிருக்கிறது என்பதாலேயே கேமரா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சரியாகச் செய்த சர்வீஸும் சத்தத்தை மாற்றும்.

• எப்போது வருகிறது, எந்த ஷட்டர் வேகத்தில் வருகிறது, லென்ஸையும் ஃபிலிமையும் எடுத்தால் போகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

• உள்ளே ஏதோ உருளும் சத்தம், பல் நொறுங்கும் சத்தம், லீவர் பாதியில் நிற்பது: இந்த மூன்றில் எது வந்தாலும் அதற்கு மேல் ஒரு தடவைகூட இழுக்காதீர்கள்.

ஒரு 'கிளிக்' என்பது எத்தனை சத்தம்?

நம் காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்கும் 'கிளிக்', உண்மையில் ஐந்தாறு சத்தங்களின் வரிசை. எஸ்.எல்.ஆர் கேமராவில் பட்டனை அழுத்தியதும் நடப்பது இதுதான்:

1. லென்ஸுக்குள் இருக்கும் அபர்ச்சர் இதழ்கள் சுருங்கும்.
2. உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே எழும்பி, அங்கே ஒட்டியிருக்கும் ஃபோம் பட்டையில் மோதும்.
3. ஷட்டரின் முதல் திரை ஓடித் திறக்கும்.
4. குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாவது திரை ஓடி மூடும்.
5. கண்ணாடி மறுபடி கீழே இறங்கும், அபர்ச்சர் விரியும்.

லீவரை இழுப்பது தனி வரிசை. அப்போது ஃபிலிம் ஒரு ஃப்ரேம் நகர்கிறது. ஷட்டரின் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. கவுண்டர் ஒரு எண் தள்ளுகிறது. ஒரே கையசைவில் மூன்று வேலைகள்.

'கேமராவில் சத்தம் வருது' என்று சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. 'பட்டனை அழுத்தினதும், கண்ணாடி ஏறும்போது கீச்சுனு வருது' என்று சொன்னால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சர்வீஸ் ஏன் சத்தத்தை மாற்றுகிறது?

பழைய கேமராவுக்கு செய்யும் முழு சர்வீஸில் மூன்று வேலைகள் உண்டு: சுத்தம் செய்வது, எண்ணெய்-கிரீஸ் மாற்றுவது, ஷட்டர் வேகத்தை அளந்து சரிசெய்வது. மூன்றுமே சத்தத்தைத் தொடும்.

நாற்பது, ஐம்பது வருடமாக உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். அது இயக்கத்தைத் தடுத்ததோடு சத்தத்தையும் அமுக்கியிருக்கும். அதைத் துடைத்து எடுத்ததும் பல்சக்கரங்கள் வேகமாகச் சுற்றும், சத்தமும் கூர்மையாகும். கண்ணாடி மோதும் இடத்தில் இருந்த பழைய ஃபோம் உதிர்ந்து கூழாகியிருக்கும். புதிய ஃபோம் ஒட்டியதும் 'டங்' என்பது 'டப்' என்று மென்மையாகும். ஷட்டர் ஸ்பிரிங்கைச் சரிசெய்தால் திரை ஓடும் வேகம் மாறும், அதன் ஒலியும் மாறும்.

இன்னொன்று, சர்வீஸுக்கு முன்பு நாம் கேமராவின் சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருக்க மாட்டோம். பணம் கொடுத்த பிறகுதான் காதைத் தீட்டிக்கொள்கிறோம்.

கவலைப்பட வேண்டாத சத்தங்கள்

மெதுவான வேகத்தில் 'ஜ்ர்ர்ர்': பென்டாக்ஸ் கே-1000, நிக்கான் எஃப்.எம் போன்ற முழு மெக்கானிக்கல் கேமராக்களில் 1 விநாடி, 1/2, 1/4 என்று வைத்து அழுத்தினால் சாவி கொடுத்த பொம்மை ஓடுவதுபோல் ஒரு சத்தம் வரும. இரண்டாவது திரையைக் குறித்த நேரம் வரை பிடித்து வைக்கும் பல்சக்கரத் தொகுதியின் சத்தம் அது. கடிகாரத்துக்குள் இருப்பதைப் போன்ற ஏற்பாடுதான். சீராக ஓடி முடிந்தால் நல்ல அறிகுறி.

கேனான் ஏ.இ-1 போன்ற எலக்ட்ரானிக் ஷட்டர் கேமராக்களில் இரண்டாவது திரையை மின்காந்தம் பிடித்து வைக்கிறது. அதனால் 1 விநாடி வைத்தாலும் நடுவில் மௌனம்தான். 'என் நண்பனோட கேமராவில் சத்தம் வருது, என்னுதில் வரலையே' என்று பயப்பட வேண்டியதில்லை.

யாஷிகா எலக்ட்ரோ 35-ல் 'டொக்': 1966-ல் வந்த இந்த வரிசை கேமராக்களில் லீவரை இழுக்கும்போது உள்ளிருந்து ஒரு தெளிவான 'டொக்' கேட்க வேண்டும். உள்ளே உள்ள சின்ன ரப்பர் பட்டை நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ரப்பர் சிதைந்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும், எக்ஸ்போஷர் தப்பாகத் தொடங்கும். சர்வீஸுக்குப் பிறகு இந்தக் கேமராவில் 'டொக்' புதிதாகக் கேட்டால், மெக்கானிக் அந்த ரப்பரை மாற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே சத்தம் இல்லாததுதான் கோளாறு.

ஹாசல்பிளாடில் இரட்டைச் சத்தம்: ஸ்டுடியோக்களில் இருந்த ஹாசல்பிளாட் 500 வரிசையில் பட்டனை அழுத்தும்போது ஒரு சத்தம், விரலை எடுக்கும்போது இன்னொன்று வரும். பின்பக்கத் துணைக் கதவுகள் மூடும் சத்தம் அது. சீக்கிரமாக விரலை எடுத்துவிடக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். மெதுவான வேகத்தில் விரலை முன்னாடியே எடுத்தால் எக்ஸ்போஷர் பாதியில் வெட்டுப்படும்.

சின்னச் சின்ன 'கிர்க் கிர்க்': லீவரைப் பாதிப் பாதியாக இழுக்க அனுமதிக்கும் கேமராக்களில் வரும் ராட்செட் சத்தம் இது. ஒரே சீராக இருந்தால் பிரச்னை இல்லை.

கேனான் 'இருமல்': அதிகம் பேசப்படும் நோய்

பழைய கேமரா சத்தங்களில் உலகம் முழுக்கப் பெயர் எடுத்த ஒன்று இருக்கிறது. கேனான் ஏ வரிசை கேமராக்களின் கீச்சொலி. 1976 ஏப்ரலில் வந்த ஏ.இ-1, 1978-ல் வந்த ஏ-1, 1981-ல் வந்த ஏ.இ-1 புரோகிராம் எல்லாவற்றிலும் இது வரும். ஏ.இ-1 மட்டுமே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது என்பதால் இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான்.

பட்டனை அழுத்தியதும் ஆஸ்துமா நோயாளி மூச்சு இழுப்பதுபோல், அல்லது பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். ஷட்டரில் இருந்து வருவதாகத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். உண்மையில் அது கண்ணாடியின் வேகத்தை அடக்குவதற்காக வைத்திருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் அச்சில் எண்ணெய் வற்றியதால் வருகிறது. காய்ந்த அச்சில் உலோகம் உலோகத்தோடு உரசிக் கீச்சிடுகிறது.

ஆரம்பத்தில் படத்தை இது பெரும்பாலும் கெடுக்காது. ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அச்சு தேயும், கண்ணாடி மெதுவாகும். கண்ணாடி முழுக்க ஏறி முடிப்பதற்குள் திரை திறந்தால் படத்தின் ஒரு பகுதி இருட்டாகிவிடும்.

சர்வீஸ் செய்த பிறகும் ஏன் வருகிறது? 'சர்வீஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல அளவு வேலைகள் இருப்பதுதான் காரணம். ஃபோம் மாற்றி, வியூஃபைண்டர் துடைத்து, வெளிப்புறம் பளபளப்பாக்கிக் கொடுப்பதும் சர்வீஸ்தான். கண்ணாடிப் பெட்டி வரை உள்ளே இறங்கி அந்தப் பல்சக்கரங்களைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவதும் சர்வீஸ்தான். கேமராவைக் கொடுக்கும்போதே "கண்ணாடி கியருக்கு எண்ணெய் போடுவீங்களா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், செய்யாத வேலைக்காக மெக்கானிக்கைத் திட்டுவோம். அவரோ 'நீங்க அதைச் சொல்லவே இல்லையே' என்பார்.

படம் எடுக்கலாம், ஆனால் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

'ஜ்ர்ர்... ஜ்ர்ர்' என்று திக்குவது: 1 விநாடியில் சீராக ஓட வேண்டிய சத்தம் நடுவில் தயங்கினால், பல்சக்கரத் தொகுதியில் அழுக்கோ பழைய எண்ணெயோ மிச்சம் இருக்கிறது. 1/60-க்கு மேலே உள்ள வேகங்களை அது வழக்கமாகப் பாதிக்காது. வெளிச்சத்தில் எடுக்கலாம், ட்ரைபாடு போட்டு எடுக்கும் மெதுவான படங்களை ஒத்திவையுங்கள்.

முதல் ஷாட்டில் மட்டும் சோம்பல்: ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த கேமராவில் காலையில் முதல் அழுத்தலின் சத்தம் மட்டும் இழுவையாக இருந்து, மூன்றாவது நான்காவதில் சரியாகிவிடும். எங்கோ பிசுக்கு இருக்கிறது. 'ஓட ஓட சரியாயிடும்' என்று விட்டால், முக்கியமான அந்த முதல் படம்தான் போகும்.

கண்ணாடி பிரியும் 'ச்' சத்தம்: புதிய ஃபோமின் பசை ஓரத்தில் கசிந்திருந்தால் கண்ணாடி லேசாக ஒட்டிப் பிரியும். ஃபோம் தடிமனாக இருந்தால் கண்ணாடி முழுதாக ஏறாது. லென்ஸைக் கழற்றி, கண்ணாடி மேலே போய்த் தயங்காமல் இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். விரலால் தொடக் கூடாது. முன்பக்கத்தில் பூச்சு கொண்ட கண்ணாடி அது, ஒரு கைரேகையே போதும்.

வெறும் உலோகத்தின் 'டங்': ஃபோம் ஒட்டாமலே விட்டிருக்கலாம், அல்லது ஒட்டியது விழுந்திருக்கலாம்.

ஃபோகஸ் வளையத்தில் 'சரசர': லென்ஸின் திருகுப் புரிகளில் மணல் அல்லது தூசு. கடற்கரைக்குப் போன லென்ஸ்களில் சகஜம். திருகத் திருகப் புரி தேயும்.

ஃபிலிம் போட்டால் மட்டும் உரசல்: ஃபிலிம் இல்லாமல் அமைதியாக இருந்து, போட்டதும் சத்தம் வந்தால், ஃபிலிம் டப்பாவோ பின்கதவின் அழுத்தத் தகடோ காரணமாக இருக்கலாம். லீவரை இழுக்கும்போது இடது பக்கம் உள்ள ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபிலிமின் தளர்வை எடுத்த பிறகும் அது சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவே இல்லை. 36 படமும் காலி.

உடனே நிறுத்த வேண்டியவை

உள்ளே உருளும் சத்தம்: கேமராவைக் காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். லென்ஸையும் வாரின் வளையங்களையும் கழற்றிய பிறகும் பாடிக்குள் 'கிலுகிலு' என்று ஏதோ உருண்டால், ஒரு திருகாணி கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். அது பல்சக்கரத்துக்குள் போனால் பல் உடையும். எலக்ட்ரானிக் கேமராவில் சர்க்யூட் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகும். பேட்டரியைக் கழற்றுங்கள், லீவரைத் தொடாதீர்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் உருளுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

'டக் டக்' என்று லீவர் வழுக்குவது: பல் பிடிக்காமல் நழுவுகிறது. ஒவ்வொரு இழுப்பும் மிச்சமிருக்கும் பல்லைத் தின்னும்.

லீவர் பாதியில் நின்றால்: பழைய கேமராக்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த நேரத்தில், நம் கைபலத்தால்தான். ரோல் முடிந்துவிட்டதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஏ.இ-1 போன்றவை பேட்டரி இல்லாவிட்டால் வேலையே செய்யாது. இரண்டும் இல்லையென்றால் அப்படியே வைத்துவிடுங்கள்.

பாதிச் சத்தம்: கண்ணாடி மேலே போன சத்தம் வந்து, இறங்கும் சத்தம் வரவில்லை. சில எலக்ட்ரானிக் கேமராக்களில் பேட்டரி பலவீனமானாலே இப்படி நிற்கும். புதிய பேட்டரி போட்டும் இறங்காவிட்டால் மெக்கானிக்கிடம்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய '36 கிளிக்' சோதனை

இதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஒரு மொபைல் போன், ஒரு அமைதியான அறை போதும். மேலே சொன்ன ஆபத்தான சத்தங்கள் எதுவும் இல்லையென்றால் மட்டும் செய்யுங்கள்.

1. ஃபிலிம் இல்லாமல், புதிய பேட்டரியோடு தொடங்குங்கள். மேஜைமேல் மடித்த துணி விரித்து கேமராவை வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

2. போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, அரை அடி தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முன்பு வேகத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "ஒரு செகண்ட், முதல் தடவை." பிறகு கேட்கும்போது குழப்பம் வராது.

3. ஒவ்வொரு வேகத்திலும் மூன்று தடவை. ஏ.இ-1-ல் 2 விநாடி முதல் 1/1000 வரை 12 வேகங்கள். 12 × 3 = 36. ஒரு ரோலின் அளவு.

4. மெதுவான வேகங்களை மட்டும் லென்ஸ் கழற்றி மறுபடி செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி லென்ஸ் பக்கம். போகவில்லையென்றால் பாடி.

5. பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவரை நோக்கி வைத்து, திரை திறந்து மூடுவதைக் கண்ணால் பாருங்கள். திரையில் விரல் படக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். நிக்கான் எஃப்.இ-2 போன்ற சில கேமராக்களில் ஃப்ரேம் கவுண்டர் 1-க்கு வரும்வரை நீங்கள் வைத்த வேகம் வேலை செய்யாது. 'மெதுவான வேகமே செத்துப்போச்சு' என்று பலர் ஏமாறும் இடம் இது. ஜோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் லீவரை இழுத்த பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னாடியே திருகினால் உள்ளே முறியலாம். செல்ஃப் டைமரையும் சும்மா இழுத்துப் பார்க்காதீர்கள். பழைய கேமராவில் முதலில் சிக்கிக்கொள்வது அதுதான்.

பதிவில் என்ன பார்ப்பது?

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால் ஒலி அலையாகத் தெரியும். திறக்கும் சத்தம் ஒரு முள், மூடும் சத்தம் ஒரு முள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஷட்டர் திறந்திருந்த நேரம். 1 விநாடிக்கு 1000 மில்லிவிநாடி, 1/2-க்கு 500, 1/4-க்கு 250, 1/8-க்கு 125 வர வேண்டும்.

எஸ்.எல்.ஆரில் கண்ணாடியின் சத்தமும் சேர்ந்து கேட்பதால் 1/8 வரைதான் இந்த முறையை நம்பலாம். அதைவிட வேகமானவற்றுக்குப் பின்கதவைத் திறந்து, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கலாம். விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் போனில் ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 4.2 மில்லிவிநாடி. 1/30 என்றால் 8 ஃப்ரேமில் வெளிச்சம் தெரிய வேண்டும். 1/60 என்றால் 4. ஒரு ஃப்ரேம் எண்ணுவதில் தவறினாலே 1/60-ல் 25 சதவீதம் பிழை வந்துவிடும் என்பதால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 1/500 என்பது அரை ஃப்ரேம்கூட இல்லை. அதை அளக்க மெக்கானிக்கிடம் உள்ள சென்சார் கருவிதான் வேண்டும். சில போன்கள் நடு ஃப்ரேம்களைத் தாமே உருவாக்கி நிரப்பும், அவற்றில் எண்ணிப் பயனில்லை.

எவ்வளவு விலகல் வரை பரவாயில்லை? நேரம் 26 சதவீதம் கூடினால் எக்ஸ்போஷர் மூன்றில் ஒரு ஸ்டாப் மாறும். 41 சதவீதம் என்றால் அரை ஸ்டாப். சாதாரண கலர் நெகட்டிவ் ஃபிலிம் இந்த அளவு கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிவிடும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

சராசரியைவிட மூன்று அளவீடுகளும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, 1 விநாடிக்கு 1.18, 1.20, 1.19 என்று வந்தால் கேமரா கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ஆனால் நம்பகமானது. 0.9, 1.6, 1.1 என்று வந்தால் சராசரி கிட்டத்தட்ட அதே 1.2-தான். ஆனால் இந்தக் கேமராவை நம்பி ஒரு படமும் எடுக்க முடியாது. முதலாவது அளவுதிருத்தம் சம்பந்தப்பட்டது. இரண்டாவதில் எங்கோ ஒட்டுகிறது அல்லது உரசுகிறது.

சத்தம் சொல்லாத விஷயங்கள்

நல்ல சத்தம் வந்தால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 1/1000-ல் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிட்டால் படத்தின் ஒரு ஓரம் கறுப்பாகும். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. திரைத் துணியில் ஊசித் துளை இருந்தாலோ, பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலோ, லைட் மீட்டர் தப்பாகக் காட்டினாலோ கேமரா எந்தச் சத்தமும் போடாது. அதனால் சோதனைக்கு ஒரு ரோல் அவசியம். கலர் ரோல் ஒன்றின் விலையே பல நூறு ரூபாய், டெவலப்பிங், ஸ்கேனிங் தனி. ஆனால் மகளின் முதல் பிறந்தநாளையோ பாட்டியின் சதாபிஷேகத்தையோ சோதனை ரோலாக ஆக்கிவிடக் கூடாது.

நாமே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் என்ன?

கேனான் கீச்சொலிக்கு நீண்ட ஊசியால் ஒரு துளி எண்ணெய் விட்டுச் சரிசெய்யும் வீடியோக்கள் நிறைய உண்டு. சிலருக்குப் பலிக்கிறது. பலிக்காதபோது நடப்பது வேறு.

கேமராவுக்குள் எல்லா இடமும் எண்ணெய் கேட்பதில்லை. பல்சக்கர அச்சுக்குக் கடிகார எண்ணெய்போல் மெல்லியது, அதுவும் ஊசிமுனை அளவு. லென்ஸ் புரிக்குக் கெட்டியான கிரீஸ். ஷட்டர் தகடுகளும் அபர்ச்சர் இதழ்களும் காய்ந்தே இருக்க வேண்டும். ஒரு துளி அதிகமானால் அது ஊர்ந்து போய் அந்தத் தகடுகளை ஒட்டவைக்கும். ஏ வரிசை கேனானில் மின்காந்தத்தின் முகத்தில் எண்ணெய் படிந்தால் இரண்டாவது திரை விடுபடத் தாமதமாகும், படம் வெளுத்துப் போகும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கேமரா பக்கமே வரக் கூடாது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நீங்கள் திறந்துவிட்டால், 'நான் கொடுத்தப்போ நல்லாத்தான் இருந்தது' என்று மெக்கானிக் சொன்னால் பதில் சொல்ல முடியாது.

தளேகாவ் மழையும் கூரியர் பெட்டியும்

சஹ்யாத்ரி மலையடிவாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரமாக இருக்கும். இதனால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் வற்றிய அச்சுகளில் துரு ஏறும். சர்வீஸ் முடிந்த கையோடு தோல் பையில் அடைத்து அலமாரியில் வைத்தால், செய்த சர்வீஸ் வீண். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் சில தடவை இயக்குங்கள். ஷட்டரை இழுத்த நிலையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டாலும் ஆபத்துதான். கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்கள்மேல் படரும்.

கூரியர் பயணத்தில் பெட்டி குலுங்கும். மெக்கானிக் திருகாணியைச் சரியாக இறுக்கியிருக்காவிட்டால் அது கழல்வது இந்தப் பயணத்தில்தான். எனவே பேக் செய்வதற்கு முன்பு கேமரா ஓடும் வீடியோ ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். வந்ததும் பிரிப்பதை நீங்கள் வீடியோ எடுங்கள். கோளாறு கடையிலா, வழியிலா என்ற சண்டைக்கு இந்த இரண்டும்தான் சாட்சி.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

'சத்தம் சரியில்ல' என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, ஒரு செகண்ட்லயும் அரை செகண்ட்லயும் விட்டா நடுவுல திக்குது. 1/60-க்கு மேல வரல. லென்ஸ் கழட்டினாலும் வருது, ஃபிலிம் இல்லாமலும் வருது. மூணு தடவை அளந்தேன், மூணும் வேற வேற. ஆடியோ அனுப்பியிருக்கேன்."

மராத்தியோ இந்தியோ சரளமாக வராத தமிழருக்குப் பதிவு இன்னும் உதவி. கியரின் கீச்சொலியை எந்த மொழியிலும் விளக்க வேண்டாம், கேட்க வைத்தால் போதும்.

குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ஐம்பது வயது கேமராவில் ஒரு பாகத்தைச் சரிசெய்ததும் பக்கத்துப் பாகத்தின் பலவீனம் வெளியே தெரிவது சாதாரணம். நல்ல மெக்கானிக்குகள் இதை மறுபடி பார்த்துக் கொடுப்பார்கள். புதிய ஆட்கள் அதிகம் வராத தொழில் இது, இருப்பவரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த கேமராவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

மறுத்துவிட்டால்?

காசு வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'தான். வேலையில் குறை இருந்தால் முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்ய இந்தச் சட்டம் அனுமதிக்கிறது. சென்னையில் சர்வீஸ் செய்த கேமராவுக்குத் தளேகாவில் இருப்பவர் புனே மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு பில் வேண்டும். என்னென்ன வேலை செய்யப்பட்டது, எத்தனை நாளுக்குப் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான கேமரா ரிப்பேர்கள் வாய் வார்த்தையிலும் யு.பி.ஐ பணத்திலும் முடிந்துவிடுகின்றன. பில் தராவிட்டால், செய்த வேலைகளை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகவாவது கேட்டு வாங்குங்கள்.

கேமரா கைக்கு வந்த அன்றே 36 கிளிக் சோதனையைச் செய்து, பதிவைத் தேதியோடு சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'முன்னாடி இப்படியா இருந்தது?' என்ற சந்தேகம் வந்தால், ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. பழைய பதிவைப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.